தையல் வரிசையில் ஏழு வெளிச்சம்

எங்கள் வீட்டில் கார் மழையில் நனைகிறது, படகு கராஜுக்குள் காய்கிறது. கனடாவுக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ விசித்திரங்களைப் பார்த்துவிட்டேன். இது என் சொந்த வீட்டிலேயே நடக்கிறது.

குளிர்காலம் முழுவதும் மகள் கலா கட்டிய கயாக் அது, மேற்பக்கமும் மூடி, நடுவில் ஒருவர் உட்கார மட்டும் துவாரம் விட்ட ஒல்லிப் படகு. மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் இழுத்து நடுமுதுகில் தைத்த கான்வாஸ், கான்வாஸின்மேல் கறுப்பு எண்ணெய்ப் பெயின்ட். மூன்று பூச்சு, மூன்றையும் நான் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறித் தனியாக ஏரிக்குள் போவதாகச் சொன்னாள். இந்த நாட்டில் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்தி. அவளுக்கும் அந்த ஆழத்துக்கும் இடையில் ஒரு துணிதான் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இலங்கையில், லுணுகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நீந்தத் தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கே தண்ணீர்ப் பயம் கீழிருந்து வராது. தலைக்கு மேலிருந்துதான் வரும். ஐப்பசி மழை பிறக்குமுன், நாங்கள் குடியிருந்த லயத்தின் தகரக் கூரையை அடைத்தாக வேண்டும். வெயில் ஏறியதும் அம்மா கதவைச் சாத்திவிடுவார். காம்பரா என்ற எங்கள் ஒற்றை அறையின் இருட்டில் அண்ணாந்து பார்த்தால் பழைய ஆணி ஓட்டைகள் மினுங்கும். ஒவ்வொன்றிலும் அம்மா விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் கீழிருந்து செருகுவார். கூரைமேல் தார் வாளியோடு இருக்கும் அப்பா, ஈர்க்கு நீட்டிய இடத்தில் சாக்குத் துணியைத் தாரில் தோய்த்து ஒட்டுவார்.

“இந்தாங்க, கண்ணு தெரியுதா இல்லியா? மூக்குக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கிறேன்!”

“இருடி, தொரை பங்களாவா இது? கால வச்சா தகரம் உள்ள போயிரும்!”

உள்ளே ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லையென்றால்தான் அம்மா குரல் கொடுப்பார்: “போதும், எறங்குங்க.” நல்ல இருட்டுத்தான் எங்களுக்கு நல்ல கூரை.

சனிக்கிழமை படகை வெயிலில் வைத்துவிட்டுக் கலா கடைக்குப் போனாள். உட்காரும் துவாரத்தில் நான் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன். தையல் வரிசையில் ஏழு வெளிச்சம்! சமையலறைக்கு ஓடிப்போய்ப் பல் குத்தும் குச்சிகளை எடுத்து வந்து ஏழிலும் செருகினேன்.

பக்கத்து வீட்டு ரொஜர் வேலியோரம் வந்து நின்றார். “இது உங்கள் சமயச் சடங்கா?” என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார்.

“இல்லை, கூரை ஒழுகுகிறது” என்றேன் பதற்றத்தில். அவர் எங்கள் வீட்டுக் கூரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

கலா வந்தாள். “அப்பா! ஒழுகாத படகையும் ஒழுக வச்சிட்டுத்தான் விடுவீங்களா?”

“ஓட்ட இருந்திச்சும்மா. எடம் தெரியத்தான் குத்தி வச்சேன்.”

“இது தகரமா? துணிப்பா! குத்தினா பெருசாகும்.”

ஒரு குச்சியை உருவிக் காட்டினாள். ஊசிமுனை அளவு இருந்த ஓட்டை மிளகளவு ஆகியிருந்தது. தகரத்தில் ஈர்க்கு ஓட்டையின் அளவுக்கு அடங்கும். துணியில் நூல் விலகிக் கொடுக்கும். அறுபது வருடம் கழித்து அம்மாவின் வேலையைச் செய்யப்போய் மகளின் படகைக் கெடுத்துவிட்டேன்.

அவள் கோபத்தோடு குனிந்து தன் தலையை உள்ளே விட்டாள். பிறகு படகுக்குள்ளிருந்து குரல் வந்தது: “அப்பா, மூக்குப் பக்கம் இன்னும் நாலு இருக்கு. ஒங்க கை எட்டல போல.”

பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தாள். கான்வாஸ் துண்டுகளைப் பெயின்டில் தோய்த்துத் தையல்மேல் ஒட்டினாள். அதன்மேல் இன்னும் இரண்டு பூச்சு. என் அப்பா இருந்திருந்தால், தார் வாசம் மட்டும் குறைகிறது என்றிருப்பார்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் நல்ல வெயில். கலா துடுப்போடு நின்றாள்.

“பாருங்கப்பா. நீங்க சொன்னாத்தான் தண்ணியில எறங்குவேன்.”

புல்லில் முழந்தாளிட்டுத் துவாரத்துக்குள் தலையை விட்டேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், மறுபடி முன்பக்கம். கால்களை ஏரிக் காற்று குளிர்ந்து தொட்டது. தலைக்கு மேலே அடைத்து முடித்த கூரை, காம்பரா இருட்டு. எப்போது வெளியே வருவது என்று எனக்கே தெரியவில்லை.

“எத்தனப்பா?” என்றாள் வெளியிலிருந்து.

“ஒன்னுமில்ல” என்றேன் உள்ளிருந்தே. “போதும், எறங்கு.”