இறால் மீன் இல்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மா குர்ஆன் ஓதுவாள், தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே சிதம்பரத்தில் நான் எட்டாம் வகுப்புப் படித்த அந்த வருஷம், வீட்டில் அசைகிற எல்லாவற்றையும் இனம் பிரித்துச் சொல்லும் அதிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

விஞ்ஞான டீச்சர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் முதுகெலும்பு உள்ளவை, அந்தப் பக்கம் இல்லாதவை என்று எழுதிய நாளில் தொடங்கியது அது. கிணற்றடித் தவளை இந்தப் பக்கம், மண்புழு அந்தப் பக்கம். கோழி பறவை இனம் என்றதற்கு, "எங்க பறக்குது?" என்று கேட்ட தம்பிக்கு ஒரு குட்டு விழுந்தது. அம்மா மட்டும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்பாள். "அரிசிக்கு உசுரு இருக்கா புள்ள?" என்று ஒருநாள் கேட்டாள். நான் திணறிப்போய், மறுநாள் டீச்சரைக் கேட்டு வந்து, நெல்லுக்கு உண்டு, குத்திய அரிசிக்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அம்மா பரங்கிப்பேட்டைக்காரி. கடல் காற்றில் வளர்ந்தவள். அத்தாவின் ஆட்கள் உள்நாட்டுக்காரர்கள், கொடிக்கால் வைத்து வெற்றிலை வியாபாரம் செய்தவர்கள். தொழுகை ஒன்றுதான், நோன்பு ஒன்றுதான். ஆனால் மார்க்கச் சட்டத்தில் அம்மா வீட்டார் ஷாஃபி வழி, அத்தா வீட்டார் ஹனஃபி வழி. ஷாஃபிகளுக்குக் கடலில் பிறந்தது எல்லாம் ஆகும். எங்களுக்குக் கடலிலிருந்து மீன் மட்டும்தான். நண்டு கூடாது, கணவாய் கூடாது. இறாலை மட்டும் எந்தக் காலத்திலோ யாரோ மீன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், எல்லோரும் தின்றுகொண்டிருந்தோம்.

கல்யாணமாகி வந்த அன்றே அம்மா நண்டை மறந்துவிட்டாள் என்று சொல்வார்கள். அவளுக்கு மிச்சமிருந்தது இறால்தான். மாங்காய் போட்டுத் தேங்காய்ப் பால் ஊற்றி அவள் ஆணம் வைத்தால் குழம்பு வாசம் தெருமுனை வரைக்கும் வரும். மற்ற நாட்களில் சட்டியில் மிஞ்சியதுதான் அவள் பங்கு. இறால் ஆக்குகிற நாளில் மட்டும், பரிமாறுவதற்கு முன்னாலேயே தனக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பெரியத்தா சாப்பிட வந்தார். அத்தாவுக்கு மூத்தவர். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அன்று அவர் வந்தது இறால் ஆணத்துக்காக மட்டும் இல்லை என்பது முதல் கவளம் இறங்கியதுமே தெரிந்தது.

"எட்டு முடிஞ்சா போதும்டா. நிறுத்திடு. பொட்டப்புள்ளைக்கு இதுவே ஜாஸ்தி" என்றார் அத்தாவிடம்.

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே, "டீச்சரம்மா நல்லா படிக்குதுன்னு சொல்றாங்கண்ணே" என்றார்.

"இன்னாத்த படிக்குது? ஏய், இங்க வா. நேத்து இன்னா படிச்சே, சொல்லு பாப்போம்."

தண்ணீர்ச் செம்போடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு நாளுக்காகத்தானே காத்திருந்தேன். அவர் தட்டில் கிடந்ததையே காட்டி ஆரம்பித்தேன். இதற்கு முதுகெலும்பு இல்லை. உடம்புக்கு மேலே ஓடு. பத்துக் கால். ஆகையால் இது மீனே இல்லை, கணுக்காலி. நண்டுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், பூரானுக்குத் தூரத்துச் சொந்தம்.

அத்தாவின் கை நடுவழியில் நின்றது.

பெரியத்தா சிரித்தார். "மீன்காரி கூடையில வருது, மீனுன்னு கூவித்தான் விக்கிறா. மீன் இல்லையாம்ல."

"கூடையில கத்தரிக்கா வெச்சுக் கொண்டாந்தா அதுவும் மீனா பெரியத்தா?"

தம்பி களுக்கென்று சிரித்துவிட்டான். பெரியத்தாவின் முகம் மாறியது. இறாலைத் தட்டில் போட்டுவிட்டு அத்தாவின் பக்கம் திரும்பினார். "சரிடா. ஒண்ணு இது படிச்சது பொய்யி. இல்லாட்டி நாம இத்தன நாளு தின்னது தப்பு. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. பொய்யின்னா பள்ளிக்கூடத்த நிறுத்து."

அத்தா இறாலை விடமாட்டார் என்பது பெரியத்தா போட்ட கணக்கு. அத்தாவோ என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார். "எம்பொண்ணு படிச்சது பொய்யில்லண்ணே."

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

பெரியத்தா விடவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நீ கடக்கரைக்காரி. நீ சொல்லு, இது மீனா இல்லையா?" என்றார்.

அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "புள்ள படிச்சிருக்கு மச்சான். அது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சட்டியில் இருந்ததெல்லாம் பக்கத்து வீட்டு முதலியார் பிள்ளைகளுக்குப் போயிற்று. மூடி வைத்திருந்த கிண்ணத்தையும் அம்மா அதிலேயே கவிழ்த்துக் கொடுத்தாள்.

அன்று மாலை அத்தா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இதில் ஆலிம்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, சந்தேகம் என்று பட்டால் விட்டுவிடுவது பேணுதல் என்று ஹஜ்ரத் சொன்னாராம். இன்னொன்றும் சொல்லியிருந்தார். அத்தா அதை அம்மாவிடம் சற்றுத் தயங்கித்தான் சொன்னார்.

"உனக்கு ஒண்ணும் இல்லியாம். உன் ஷாஃபி மத்ஹபுல அது ஆகும்தானே. நீ தனியா ஆக்கித் தின்னுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"வேணாங்க" என்றாள் அம்மா. "ஒரு வீட்டுல எதுக்கு ரெண்டு சட்டி?"

பெரியத்தா தம் வீட்டில் கடைசிவரை இறால் சாப்பிட்டார். அவர் வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அடுக்களைப் பக்கம் மோந்து பார்த்து, "இன்னிக்கி இன்னா, மீனா கணுக்காலியா?" என்பார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தச் சட்டியில் இறால் கிடந்திருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. பொண்ணு சொன்னது பொய்தானே, அப்புறம் எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்டிருப்பார். அவர் வாய் திறக்க இடமில்லாமல் அம்மா பார்த்துக்கொண்டாள். நான் ஒன்பதாவது போனேன், பத்தாவது போனேன். இப்போது கல்லூரியில் விலங்கியலே எடுத்துப் படிக்கிறேன்.

போன மாதம் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு இறால் கொடுத்து, கால்களைப் பிரித்து வரிசையாக அட்டையில் ஒட்டச் சொன்னார்கள். என் அட்டைதான் வகுப்பிலேயே நன்றாக இருந்தது. அன்று வீட்டுக்கு வருகிற வழியில் கடைத்தெருவில் இறால் வாங்கி, இலையில் கட்டி எடுத்துப் போனேன். உனக்கு மட்டும் ஆக்கிக்கம்மா, இனிமேல் யார் என்ன கேட்டால் என்ன என்றேன். அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்தாள். "வருசமாச்சு புள்ள. இப்ப அந்த வாடையே ஒத்துக்கல. பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வா" என்றாள். ஒத்துக்கொள்ளவில்லை என்பது நிஜமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும், மீன்காரி வாசலில் கூடையை இறக்கும்போது நான் அம்மாவின் தோளருகே நிற்பேன். அம்மா முதலில் இறால் குவியலைத்தான் பார்ப்பாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். விரலால் மெதுவாகப் புரட்டுவாள். மீன்காரி, "போட்டுரட்டாம்மா? இப்பத்தான் வலையிலேர்ந்து எடுத்தது" என்பாள். அம்மா அதைத் திரும்ப வைத்துவிட்டு மத்தி வாங்குவாள்.

நான் சொன்ன பத்துக் காலும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறாள் என்றுதான், அப்போதெல்லாம், பெருமையோடு நினைத்துக்கொள்வேன்.