அவருடைய ஆஹா

எங்கள் வீட்டில் பாட்டு கேட்பது என்றால் சும்மா உட்கார்ந்து கேட்பதல்ல. தொடையில் தாளம் போட வேண்டும், தலையை ஆட்ட வேண்டும், நல்ல இடம் வந்தால் வாய்விட்டு ஆஹா சொல்ல வேண்டும். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பவர்களோடு கச்சேரிக்குப் போனால் எனக்குப் பாதியில் எழுந்து வந்துவிடலாம் போல இருக்கும். கல்யாணமான புதிதில் என் கணவரிடம் எனக்கு முதலில் பிடித்ததே இதுதான். சங்கீதம் முறையாகக் கற்றவர் இல்லை. ராகத்தின் பெயர் கேட்டால் முழிப்பார். ஆனால் சரியான இடத்தில் ஆஹா சொல்வார்.

அவருக்குத் திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலை வேலை. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற பிரிவு. நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்து, குளித்து, காபி குடித்த பிறகு ஒரு மணி நேரம் பாட்டு. அந்த ஒரு மணி நேரம் நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். அதனாலேயே சண்டையும் வராது. எங்கள் குடும்பம் இத்தனை காலம் ஓடியதில் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஸ்பீக்கரின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. அவர் கூட்டுவார், நான் குறைப்பேன். நான் காபி டம்ளரை வைக்க உள்ளே போய் வருவதற்குள் மறுபடி கூட்டியிருப்பார். ஒருநாள் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க டிவியில என்ன பேசுறாங்கன்னுதான் எங்களுக்குத் தெரியல."

எனக்கு மானமே போயிற்று. அன்றைக்கே ஹெட்போன் வாங்குவதென்று முடிவு செய்தேன். எதையும் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை. இன்டர்நெட்டில் இதற்கென்றே ஒரு தனி உலகம் இருக்கிறது. வயரை மாற்றினால் வயலின் இன்னும் நன்றாகக் கேட்குமா என்று அங்கே ஆட்கள் பங்காளிச் சண்டை போடுகிறார்கள். இயற்பியல் படித்தவள் என்பதால் பாதியைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டேன். மீதிப் பாதியில் நானே விழுந்துவிட்டேன். கடைசியில் நல்ல ஹெட்போன் ஒன்றும், சோப்பு டப்பா அளவில் டாக் என்கிற பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தன. போனிலோ கணினியிலோ எண்களாக இருக்கும் பாட்டை ஒழுங்காக ஒலியாக்கிக் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. கூடவே ஹை-ரெசல்யூஷன் கச்சேரிப் பதிவுகளையும் வாங்கி இறக்கினேன். நாம் போனில் வழக்கமாகக் கேட்கிற எம்பி3 ஃபைலில் இடத்தை மிச்சம் பிடிக்கப் பலதைக் கழித்துவிடுவார்கள். இதில் எதையும் கழிக்காமல் வைத்திருப்பார்கள்.

முதல்நாள் மாட்டிக்கொண்டு கேட்டபோது தம்பூராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. பாடகர் மேலே போவதற்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது. வலது பக்கம் யாரோ இருமினார், நான் திரும்பிப் பார்த்தேன். மிருதங்கமும் கஞ்சிராவும் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில், கஞ்சிராவின் விளிம்பில் இருக்கும் சின்னத் தகடுகள் சிலிர்த்துக்கொள்ளும் ஓசை காதுக்குள் வந்து உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, வந்தது.

கண்ணைத் திறந்தால் எதிரே என் கணவர், கடைசி பஸ்ஸை விட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் ஓடவில்லை. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழற்றி அவர் தலையில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து நான் ஹெட்போனை எடுத்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கொள்ளிடம் பக்கம் நடக்கப் போய்விடுவார்.

அற்புதமான தம்பூரா, எதிரே காலி நாற்காலி. ஒரு வாரம் தாங்கினேன். நல்ல இடம் வரும்போது ஆஹா என்று சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்லாமல் நான் மட்டும் உட்கார்ந்திருப்பது சகிக்கவில்லை. எங்களுடைய ஒரு மணி நேரத்தை நானே காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது. நல்லவேளை, டாக் பெட்டியில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. இன்னொரு ஹெட்போன் வாங்கி அவருக்கு மாட்டி, எதிரே உட்கார வைத்தேன்.

பிரமாதமாகப் போயிற்று. நான் ஆஹா சொன்னால் ஒரு நொடி தள்ளி அவரும் ஆஹா சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் புத்தி போகுமா, பரீட்சை வைத்தேன். ஒரே பாட்டை எம்பி3 ஆகவும், ஹை-ரெசல்யூஷனாகவும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, எது நல்லது என்று கேட்டேன். போன் திரையை அவருக்குக் காட்டவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டாவது" என்றார். சரி. மறுபடி வைத்தேன். மறுபடியும் சரி. இன்டர்நெட் சூரர்களே கோட்டை விடுகிற பரீட்சையில் என் வீட்டுக்காரர் ஒன்றைக்கூட விடவில்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூமில், "அவர் காது தங்கக் காதுங்க" என்று எல்லாரிடமும் அளந்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். பாலை இறக்கிவிட்டு வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் கணக்குப்படி கஞ்சிரா உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம். அவர் கை தொடையில் அசையாமல் கிடந்தது. தலை ஆடவில்லை. என்னுடைய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலமெல்லாம் பரீட்சை ஹாலில் நின்றவள் நான். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிற முகம் எனக்குத் தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை பரீட்சை என்று சொல்லி, இந்த முறை செய்தித்தாளை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"எது நல்லாருக்கு?"

அவர் நெளிவது பேப்பருக்குக் கீழே தெரிந்தது. பிறகு, "மொதல் ஒண்ணு" என்றார். தப்பு. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்தது கேட்டபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"பேப்பரைக் கீழ வைம்மா. நீ மூஞ்சிய மறைச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னங்க சொல்றீங்க?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. நல்லது ஓடினா உன் புருவம் மேல போகும். அதப் பாத்துத்தான் சொல்லுவேன்."

"அப்ப அந்தக் கஞ்சிரா?"

"எந்தக் கஞ்சிரா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பெரிய சத்தத்துக்கு நடுவில் பல வருடம் வேலை செய்கிறவர்களுக்கு மெல்லிய, உயர்ந்த ஓசைகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும் என்று வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அந்தப் படத்துக்குரிய ஆள் என் வீட்டு சோபாவில் இருந்திருக்கிறார்.

புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஓசை கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். இவர் ஒவ்வொரு முறையும் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்! எனக்கே அந்த ஓசை கேட்காது, நான் எங்கே புருவத்தைத் தூக்குவது? பரிசோதித்த பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் உள்ளே போய், "சார், அந்தப் பக்கம் பாத்து உக்காருங்க" என்று நாற்காலியையே திருப்பிப் போட்டுவிட்டார். வந்த படத்தில் கோடு, தாழ்ந்த ஓசைகளைக் குறிக்கிற இடது பக்கம் சமமாகப் போய், உயர்ந்த ஓசைகளைக் குறிக்கிற வலது பக்கம் மாடிப்படி மாதிரி இறங்கியது. பேச்சுக்குக் காதுக் கருவி வைத்துக்கொள்ளலாம், பாட்டு கேட்கலாம், ஆனால் மொத்தச் சத்தத்தைக் கூட்டவே கூடாது என்றார் டாக்டர்.

ஆட்டோ காவிரிப் பாலம் ஏறும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இத்தன நாளா ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ தனியாக் கேக்க ஆரம்பிச்சிருவ" என்றார். "எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சா எதுக்கு என்னை எதிர்ல உக்கார வைக்கப் போற?"

பாலம் முடிகிற வரைக்கும் திட்டினேன். திட்டி முடித்ததும் அழுதேன். ஆட்டோக்காரர் பாவம், பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினார்.

அதன் பிறகு வீட்டில் என் விளையாட்டு மாறியது. பாட்டு ஓடுகிற செயலியில் தாழ்ந்த ஓசை, உயர்ந்த ஓசை என்று தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். டாக்டர் கொடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாடிப்படி இறங்குகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒரே பெட்டி என்பதால் அதுவே என் காதிலும் விழும். எனக்கு அது தேங்காய்த் துருவியில் நகம் பட்ட மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஹை-ரெசல்யூஷன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் கடைசியில் வேண்டுமென்றே கெடுத்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. "ஏதோ உப்பு கொட்டுற மாதிரி கேக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் மாற்றினேன். பிறகு ஒரு சாயங்காலம், தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அவர் கண்ணை மூடிக் கேட்டு நான் பார்த்ததில்லை. விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. புருவம் மேலே போனது.

"ஆஹா!" என்றார்.

அவர் கண்ணைத் திறந்து, "என்ன, நீ சும்மா இருக்க? அந்தக் கஞ்சிராவக் கேக்கலியா?" என்றார்.

கேட்கவில்லை. அந்த இடம் வந்ததே எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.