அஞ்சலை நடந்த நாற்பது தப்படி

2021 ஜூலை. கோவிட் உச்சத்தில் இருந்தது. மருத்துவமனைகளில் கட்டில் இல்லை. தொற்று கண்டவர்களில் தாங்கக்கூடியவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படி இருப்பவர்களைப் பார்க்க, ரவாங்கில் நான் வேலை செய்யும் கிளினிக்கிலிருந்து வட சிலாங்கூர் தோட்டங்களுக்கு இரண்டு நாள் போனேன். இதே வழியில் போகவிருக்கும் மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். படங்கள் இல்லை. எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 7.10க்குப் புறப்பட்டேன். கோலசிலாங்கூர் 46 கிலோமீட்டர், என் கார் காட்டியபடி. இரண்டு இடங்களில் போலீஸ் தடுப்பு. கிளினிக் கடிதத்தை முன்கண்ணாடியில் வைத்துவிடுங்கள், நேரம் மிச்சம். பெட்ரோல் 40 வெள்ளிக்குப் போட்டேன், இரண்டு நாளுக்கும் போதுமாக இருந்தது. டவுனிலிருந்து தோட்டம் 9 கிலோமீட்டர். அதில் கடைசி நான்கு செம்மண் பாதை. எதிரே லோரி வந்தால் ஒதுங்க இடமில்லை.

லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஏழாவது வீடு. அஞ்சலை, ஐம்பத்திரண்டு வயது, செம்பனைக்கு உரம் போடும் வேலை. காய்ச்சல் வந்து ஆறாம் நாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை விரலில் மாட்டினேன். 96.

"பாஸா டாக்டர்?"

"பாஸ்தாங்க்கா."

சிரித்தார். வீட்டில் இருக்கலாம் என்று எழுதினேன். மொத்தம் நான்கு நிமிடம். அடுத்த வீடு.

டவுனில் தங்கினேன், அறை 80 வெள்ளி. சனிக்கிழமை 8.40க்கு சுங்கை ஆயர் தாவார் நோக்கி வடக்கே. 31 கிலோமீட்டரில் செகிஞ்சான். வயல் ஓரம் காரை நிறுத்தினேன். 9.30க்கு இணையத்தில் ஒரு வகுப்பு.

மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இப்படிப்பட்ட வகுப்புகளில் புள்ளி சேர்க்க வேண்டும், தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க. கொள்ளைநோய்க் காலத்திலும். எப்படிச் சேர்க்கிறோம் என்பது நமக்குள் தெரிந்ததுதான். உள்ளே நுழைவோம். ஒலியை அணைப்போம். நோயாளியைப் பார்ப்போம். புள்ளி சேரும்.

அன்று காரில் வேறு வேலை இல்லை. கேட்டேன்.

நுரையீரல் நிபுணர் ஒருவர் பேசினார். களைத்த குரல். உட்கார்ந்திருக்கும்போது வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்றார். நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கும், மூச்சு வாங்காது. நாற்பது தப்படி நடக்க வைத்து மறுபடி பாருங்கள். மூன்று குறைந்தாலே மருத்துவமனை. அதுவரை உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

காரைத் திருப்பினேன். வகுப்பு பக்கத்து இருக்கையில் போனில் ஓடிக்கொண்டே வந்தது.

10.45. அஞ்சலையின் கணவர் மணியம் வாசலில் நின்றார். முகக்கவசம் தாடையில்.

"என்னா டாக்டர், எதையாச்சும் மறந்து வச்சிட்டுப் போய்ட்டீங்களா?"

"ஆமாண்ணே."

அஞ்சலை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நேத்துதான பாஸுன்னீங்க? மறுபடியும் பரீட்சையா?"

"கொஞ்சம் நடக்கணும்க்கா. நாப்பது ஸ்டெப்."

"நாப்பதுதானா? இருவத்தெட்டு வருசம் உரம் சொமந்த காலு லா இது."

"நடந்து காட்டிட்டு அப்படியே குசினிக்கும் போயிரு," என்றார் மணியம்.

"பாத்தீங்களா டாக்டர், இவருக்கு அவரு வயித்துக் கவல."

உட்கார்ந்தபடி 95. லயத்து வாசலில் நடந்தார். பக்கத்து ஜன்னலிலிருந்து யாரோ சத்தமாக எண்ணினார்கள். முப்பதில் அவர் பேச்சு நின்றது. நாற்பது.

86.

மூச்சு வாங்கவில்லை. உதட்டின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

"எத்தன மார்க்கு?"

"பத்தலக்கா."

11 மணிக்குத் தோட்ட ஆபீஸ் பக்கம் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். 1.20க்கு வந்தது. கூட ஏற மணியத்துக்கு அனுமதியில்லை. பிளாஸ்டிக் பையில் துணி, செருப்பு. "சார்ஜர் உள்ளதான் இருக்கு, போன் பண்ணு," என்றார். கதவு மூடிய பிறகும் இன்னொரு முறை சொன்னார்.

மாலை ரவாங் திரும்பி, புள்ளிகள் பதிவாகும் பக்கத்தைத் திறந்தேன். அன்றைய வகுப்புக்குப் புள்ளி இல்லை. 'இவ்வகுப்பை நீங்கள் ஏற்கெனவே முடித்துள்ளீர்கள்.' தேடினேன். மூன்று வாரத்துக்கு முன். அதே நிபுணர், அதே பாடம். என் பெயரில் சான்றிதழ். அன்று கிளினிக் நிரம்பி வழிந்தது. போன் ஒலியில்லாமல் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது.

ஆம்புலன்ஸ் வந்துபோன ஒன்பதாம் நாள் மணியம் அழைத்தார்.

"முந்தாநாளு வரைக்கும் பேசுனா டாக்டர். நீங்க திரும்பி வந்தத எல்லார்கிட்டயும் சொன்னா." பிறகு, "ரொம்ப நன்றி."

சான்றிதழைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாள் முன்னால் அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று வார்டு மருத்துவரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

போகிறவர்களுக்கு: மழை பெய்தால் செம்மண் பாதைக்குச் சிறிய கார் வேண்டாம். லயத்தில் போன் சிக்னல் கிடையாது, ஆபீஸ் பக்கம் போக வேண்டும். கருவிக்கு மாற்று பேட்டரி, உட்கார வைக்க ஒரு மடக்கு நாற்காலி. வகுப்பு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், அல்லது திறக்காதீர்கள். நோயாளி நடக்கும்போது கூடவே நடங்கள், தடுமாறினால் நிறுத்துங்கள். நாற்பதையும் வாய்விட்டு எண்ணுங்கள்.

ஒரு நிமிடம்கூட ஆகாது.