வெளியே உட்கார்ந்த சென்டர் பார்வர்ட்

1. கோச் ஆன விதம்

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்து ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துவந்தேன். முழங்கால் உடைந்ததால் ஹாக்கி ஆடுவதை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் துரை கூப்பிட்டு, டீமுக்கு இனி நான்தான் கோச் என்றார். காரணம் கேட்டேன். டீமில் யாரோடும் சண்டை போடாதவன் நான் ஒருவன்தான் என்றார். நான் டீமிலேயே இல்லை என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை.

முதல் நாள் பயிற்சியில் பதினொரு பேரும் ஒரே பந்தின் பின்னால் ஓடினார்கள். கோல்கீப்பரும் ஓடினார். விசில் ஊதி அவரைத் திரும்பிப் போகச் சொன்னேன். அன்று நான் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

2. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

எங்கள் சென்டர் பார்வர்ட் ஆரோக்கியம், என் மனைவி செசிலியின் தம்பி. நன்றாக ஆடுவான் என்பதற்காகவே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக எடுக்கப்பட்டவன். எங்கள் கோல்களில் பெரும்பாலானவை அவன் போட்டவை. யாருக்கும் பந்தைத் தரமாட்டான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டில் விருந்து. வந்தவர்கள் முன்னால், அத்தான் விசில் ஊதத்தான் லாயக்கு என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் டீம் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பாஸ் கொடுக்காததால் எடுத்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அவன் இல்லாமல் கிள்ளான் டீமிடம் மூன்று கோலில் தோற்றோம். அடுத்த ஆட்டமும் போயிற்று. செசிலி சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போது ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, ஹாக்கிக்காக எடுத்த ஆள் ஹாக்கி ஆடவில்லையென்றால் அவன் எதற்கு என்று அமைதியாகக் கேட்டார். அதுவரை நான் அதை யோசித்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் வரை நடந்து போய் வந்தேன்.

3. ஆரோக்கியம் சொன்னது

மறுநாள் அவனைத் தேடிப் போவதற்குள் அவனே ஸ்டோருக்கு வந்துவிட்டான்.

“அத்தான், ரெண்டு மேட்ச் வெளியில உக்காந்து பாத்தேன். நம்ம லெப்ட் விங் சின்னத்தம்பி சும்மாவே நிக்கிறான். பந்தே போகல. நான் ஆடுறப்பவும் இப்படித்தானா?”

“இப்படித்தான்.”

“ஏன் சொல்லல?”

நானும் அதைக் கவனித்திருக்கவில்லை. பேனாவைத் துடைத்தேன்.

“என்னை சென்டர் ஹாப்ல போடுங்க. பின்னாலருந்து நான் அனுப்புறேன்,” என்றான்.

கோல் போடுகிறவன் பின்னால் போகக் கேட்டு நான் பார்த்ததில்லை. போட்டேன்.

4. கிள்ளான் பாடாங்

அடுத்து கிள்ளான் டீமோடு மறு ஆட்டம். மழை பெய்து பாடாங் மைதானம் முழுக்கச் சேறு. இரண்டு டீமுக்கும் ஒவ்வொரு கோல். கடைசி நிமிஷங்களில் பந்து ஆரோக்கியத்திடம் வந்தது. முன்னால் வழி திறந்திருந்தது. அவனை அடிக்கச் சொல்லி எங்கள் ஆட்கள் கத்தினார்கள். துரையும் கத்தினார். அவன் இடப்பக்கம் தள்ளிவிட்டான். சின்னத்தம்பி கோல் போட்டார். போட்ட பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

ஆரோக்கியத்தின் வேலையைப் பற்றித் துரை பிறகு பேசவில்லை.

திரும்பும் ரயிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கு வீட்டுல நீ சொன்ன பேச்சுக்காகத்தான் உன்னை எடுத்தேன். பாஸுக்காக இல்ல.”

“தெரியும் அத்தான். அக்கா அன்னைக்கே சொல்லிருச்சு,” என்று ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டான்.

5. இப்போது கோச் ஆகிறவர்களுக்கு

அதன் பிறகு ஆட்டத்துக்கு ஒருவரை, நன்றாக ஆடுகிறவராகவே பார்த்து, கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தேன். முடிந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்பேன். நான் கோச்சாக இருந்த காலத்தில் கோப்பை எங்கள் அலமாரியை விட்டு இரண்டு முறைதான் வெளியே போனது. என் மூளை என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்காததும் உண்மை.

வெளியே இருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்லும்போது, அது முன்பே தெரியும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். கேட்பதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். முகம் சரியாக எனக்குப் பல வருஷம் ஆயிற்று.