திவால் நீதிபதியும் என் கிரைண்டரும்

நீதிபதி ஓய்வுபெற்ற அன்று வக்கீல்கள் ஒரு விழா வைத்தார்கள். புனே சிவாஜிநகர் கோர்ட்டில்தான். இட்லி என் கடையிலிருந்து போனது. ஒரு வக்கீல் மைக்கில் சொன்னார்: "சாஹேப் கொடுத்த தீர்ப்பை மேல் கோர்ட் ஒரு தடவைகூட மாத்தினதில்லை." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தீர்ப்பு கொடுத்தால்தானே மாற்றுவதற்கு.

அவர் பார்த்ததெல்லாம் திவால் வழக்கு. கடனில் முழுகியவர் மனு போட்டால் கோர்ட் அவருடைய சொத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். சட்டம் அப்படியாம். எடுத்து வைத்துக்கொள்வதை மட்டும் நான் பார்த்தேன்.

ஹடப்சரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கேன்டீன் நடத்திக்கொண்டிருந்தேன். முதலாளிகள் அண்ணன் தம்பி. தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி முழுகியது. ஒரு நாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு, பூட்டின்மேல் அரக்கு சீல். என் கிரைண்டர் உள்ளே. கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வரவழைத்த கல் கிரைண்டர். பெரியது. டிரம்மைச் சாய்த்து மாவை வழிக்கலாம். என் பிழைப்பு அதில்தான் ஓடியது.

சாமான்களை எழுதிக்கொள்ள வந்த கோர்ட் பேலிஃப் மராட்டிக்காரர். அந்த மாதிரிக் கிரைண்டரை அவர் எங்கே பார்த்திருப்பார்? டிரம், உள்ளே கல், அடியில் மோட்டார். விளிம்பில் மாவு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. பெயின்ட் கலக்கும் மிஷின் என்று எழுதிவிட்டார். கம்பெனி மிஷின்கள் எல்லாம் ஒரு பேங்கில் அடமானம். அதனால் என் கிரைண்டரும் அடமானம்.

கோர்ட்டில் மனு போட்டேன். நீதிபதி தமிழர் என்றார்கள். அவர் அப்பா காலத்திலேயே வேலைக்கு வந்த குடும்பம். இவர் பிறந்தது, படித்தது எல்லாம் புனே. தமிழ் கொஞ்சம் தடுமாறும். எனக்குத் தைரியம் வந்தது. கிரைண்டர் தெரியாத தமிழன் உண்டா?

கிரைண்டரின் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரித்தார். டைப் அடிப்பவரை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் தமிழில் பேசினார்.

"இது கிரைண்டர்தாம்மா. எங்க வீட்ல இருக்கு. சின்னது."

"அப்ப குடுத்துருங்கய்யா."

"அது எப்படிம்மா? எனக்குத் தெரிஞ்சா போதாது. கோர்ட்டுக்குத் தெரியணும்."

"நீங்கதானே கோர்ட்டு?"

"நான் வேற, கோர்ட் வேற. சட்டம், காயிதா அப்படி."

என்ன பேச்சு என்று பேங்க் வக்கீல் மராட்டியில் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த தாரீக் கொடுத்தார். வாய்தாவுக்கு அங்கே தாரீக் என்று பெயர்.

அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கொண்டுவருகிறேன், ஓட்டிப் பாருங்கள் என்று அடுத்த தாரீக்கில் கேட்டேன். சீல் வைத்த பொருளை ஓட்டினால் அதன் நிலைமை மாறிவிடும் என்றார். பிறகு ஒரு இன்ஜினியரை அனுப்பினார். பாகுபோன்ற பொருள்களைக் கலக்கும் சாதனம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். பொய் என்று எப்படிச் சொல்ல?

கோர்ட் வாசலிலேயே இட்லிக் கடை போட்டேன். தாரீக்குக்கு வந்துபோகும் பஸ் செலவு மிச்சம். ராஸ்தா பேட்டில் ஒருவரிடம் வாடகைக்கு மாவு அரைத்து, தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். வெயிலில் மாவு வழியிலேயே பொங்கிவிடும். தோள்பட்டை போயிற்று. நீதிபதியின் சிப்பாய், நம் ஊர்ப் பியூன்தான், தினமும் ஒரு தட்டு வாங்கிப் போவான். ஒரு நாள் வந்து சொன்னான்: "இட்லி புளிக்குதுன்னு சாஹேப் சொல்றார்."

"கிரைண்டர் அவர்கிட்ட இருக்குன்னு சொல்லு" என்றேன்.

நடுவில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வழக்கை எடுக்க ஆளில்லை. பெரிய பதவியோடு திரும்பி வந்தார். அதே வழக்கு, அதே தாரீக். முடி நரைத்தது. கண்ணாடி தடித்தது. அண்ணன் தம்பியில் அண்ணன் செத்துப்போனார். பிறகு ஓய்வு, அந்தக் கைதட்டல்.

விழா முடிந்து கொஞ்ச நாளில் கோந்த்வாவில் அவருடைய ஃப்ளாட்டுக்குப் போனேன். பனியனோடு வந்து கதவைத் திறந்தார்.

"ஐயா, இப்ப நீங்க கோர்ட்டு இல்லை."

"இல்லைம்மா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதை வந்து சொல்லலாம்."

யோசித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "போய்த்தான் சொல்லிட்டு வாங்களேன். வீட்ல உக்காந்து என்ன பண்றீங்க?"

வந்தார். சாட்சிகள் உட்காரும் வெளிப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபேன் ஓடவில்லை. மத்தியானம் தாண்டியும் கூப்பிடவில்லை. சாயங்காலம் தாரீக் மாற்றினார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது? மனுஷனை இப்படியா உக்கார வைப்பாங்க?"

"பழகிடும்ய்யா" என்றேன்.

அடுத்த தாரீக்கிலும் உட்கார்ந்தார். அதற்கடுத்த தாரீக்கில் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி, இது மாவு அரைக்கும் கிரைண்டர், தமிழர் வீடுகளில் சாதாரணம், என் வீட்டிலும் உண்டு என்றார். அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது?

பேங்க் வக்கீல் எழுந்தார். "இது உங்களுக்கு எப்போதிருந்து தெரியும்?"

"முதல்லேர்ந்தே."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷம் கொடுக்கவில்லை?"

புது நீதிபதி குறுக்கிட்டார். ஒரு நீதிபதியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க முடியாதாம். கிரைண்டரைக் கொடுக்கச் சொல்லி அன்றைக்கே உத்தரவு வந்தது. புது நீதிபதிக்கு வயது குறைவு. இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் பழையவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களாம்மா. நியாயம் கெடைச்சுது."

"கெடைச்சுதுய்யா. நீங்க வெளியே வந்தப்புறம்."

அவர் என் கையை விட்டார். ஆட்டோ பிடித்துக் கோந்த்வா போனார். நான் டெம்போ பேசி ஹடப்சர் போனேன். மோட்டார் செத்திருந்தது, பெல்ட்டை எலி தின்றிருந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்துவிட்டு அரிசியை ஊறப் போட்டேன்.