காய்ந்த கழுத்து

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டு ஆசிரியை லின்சிக்கு வைத்த பெயர் 'கழுத்து மிஸ்'. ஓட்டப் பயிற்சியில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளின் பின்கழுத்தையும் தொட்டுப் பார்ப்பார். வேர்த்திருந்தால் ஓடலாம். காய்ந்திருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் உட்கார வேண்டும், மறுபேச்சு கிடையாது. கணக்கு வாத்தியாரான நான் சும்மா இருப்பேனா? "என்ன மிஸ், மாட்டுச் சந்தையா நடத்துறீங்க?" என்று சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. மணப்பாறைப் பக்கம் படித்தபோது அவரோடு ஓடியவள் பவுனம்மாள். தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும் என்று அங்கிருந்த வாத்தியார் குடிக்க விடமாட்டாராம். ஒரு மத்தியானம் பவுனுக்கு வேர்ப்பது நின்றுபோனது. கூப்பிட்டால் திரும்பாமல், ரெட்டைச் சடை ஆட, சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். லின்சி எட்டிக் கழுத்தைப் பிடித்தபோது தோசைக்கல்லாய்ச் சுட்டதாம். பிடி நழுவியது. கொஞ்ச தூரம் போய் விழுந்தவள் பிழைக்கவில்லை.

"அந்தச் சூடு இன்னும் என் விரல்ல இருக்கு சார்," என்றார்.

போன தவக்காலத்தில் பெலிண்டா மொட்டைத் தலையோடு வந்து நின்றாள். மாநிலப் போட்டிக்குத் தேர்வாக வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையாம்.

"மொட்டையோட சரியா, இல்ல ஒருசந்தியும் இருக்கியாடி?" என்று லின்சி கேட்டார். ஒருவேளைச் சாப்பாட்டோடு யாரையும் அவர் ஓட விடமாட்டார் என்று பெலிண்டாவுக்குத் தெரியும்.

"இல்லவே இல்ல மிஸ்," என்று கூசாமல் சொன்னாள். அன்று அவள் தண்ணீரைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

சாயங்காலம் கொள்ளிடக் கரையில் ஓட்டம். நானும் நடைக்குப் போயிருந்தேன். வெயில் தாழ்ந்தும் வெக்கை அடங்கவில்லை. காற்று மணலை வாரி இறைத்ததில் எதிரே வரும் ஆள் தெரியவில்லை. பிள்ளைகள் புழுதிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வர, லின்சி தொட்டுப் பார்த்து உட்கார வைத்தார். பெலிண்டா மட்டும் பாக்கி. கடைசியாக ஓர் உருவம் வந்தது. லின்சி தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"காஞ்சு கிடக்கு! நில்லுடி!"

அவள் நிற்கவில்லை. வந்த வழியே புழுதிக்குள் திரும்பி ஓடினாள். லின்சி தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட, நானும் ஓடினேன். முன்னால் ஓடியவளின் காலடிச் சத்தமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கரை திரும்பும் இடத்தில், கருவேலம் புதருக்குள் பெலிண்டா குப்புறக் கிடந்தாள். உடம்பு கொதித்தது, நினைவில்லை. கேன் தண்ணீர் முழுவதையும் அவள்மேல் ஊற்றி, துப்பட்டாவை நனைத்துப் போர்த்தினோம். ஆம்புலன்ஸ் வரும்வரை லின்சி விசிறிக்கொண்டே இருந்தார்.

"பிழைச்சுக்குவா. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்," என்றார் தில்லை நகர் ஆஸ்பத்திரி டாக்டர்.

கண் திறந்ததும் பெலிண்டா அழுதாள். "பொய் சொல்லிட்டேன் மிஸ். போகும்போதே விழுந்துட்டேன். திரும்பி உங்ககிட்ட வரவே இல்ல."

வராந்தாவுக்கு வந்ததும் லின்சிக்குச் சமாதானம் சொன்னேன். "மயக்கத்துல அவளுக்கு ஞாபகம் இருக்காது மிஸ். நீங்க தொட்டது அவளைத்தான்."

லின்சி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சடையை ஒதுக்கிட்டுத்தான் சார் தொட்டேன்."