ஸ்கைவிங் மேரியின் போன் நம்பர்

மேரி வேலைக்கு வராமல் நின்ற வாரம் எங்கள் லைன் நொண்டியது. ஆம்பூரில் நான் வேலை செய்த ஷூ கம்பெனியில் அவள் ஸ்கைவிங் மெஷினில் இருந்தாள். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கிக் கொடுத்தால்தான் அடுத்தவள் மடித்துத் தைக்க முடியும். அவள் இடத்தில் உட்கார வைத்த பெண் சீவிய தோலில் பாதி கிழிந்தது. எல்லோரும் ஆயா என்று கூப்பிடும் நான் செக்கிங் மேசையில் இருந்தேன். கிழிந்ததைக் கிழிந்தது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வாரம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்.

சாயங்காலம் மேரி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலிலேயே மடக்கினார்.

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம் ஆயா. எவனோ எந்நேரமும் போன் பண்றான். நான் எடுத்தா கட் பண்றான், அவ எடுத்தா இளிக்கறான். கம்பெனிக்குப் போய் எவனுக்கோ நம்பர் குடுத்துருக்கா."

"நான் யாருக்கும் குடுக்கல ஆயா" என்றாள் மேரி உள்ளேயிருந்து.

"பின்ன அவனுக்குக் கனவுலயா வந்துச்சு?"

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கலாமே அண்ணே" என்றேன்.

"குடுத்தா? அவன் பேரு எவனுக்குத் தெரியும், இவ பேருதான் நாறும். பொண்ணு பாக்க வர்றோம்னு சொல்லிக்கினு இருக்காங்க. இந்த நேரத்துல இது ஒரு பேஜாரு."

போன் கம்பெனிக்காரர்களிடமும் மேரி பேசியிருந்தாள். வேண்டுமானால் நம்பரை மாற்றித் தருகிறோம் என்று சொன்னார்களாம். மாற்றினால் மட்டும் அப்பா வேலைக்கு விடுவாரா? வீட்டில் அவள் சம்பளம் நின்றால் அடுப்பும் நிற்கும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பிடிவாதம்.

"அவன் இன்னாதான்டி பேசறான்?" என்று மேரியைக் கேட்டேன்.

"எடுத்தவுடனே 'ஸ்கைவிங் மேரியா'ன்னு கேக்கறான் ஆயா."

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. தெருவிலோ சர்ச்சிலோ அவளை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் லைனில் இரண்டு மேரி இருந்ததால், அவள் போனின் முதுகில்தான் அப்படி எழுதியிருந்தது.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்கள் கைக்குச் செல்போன் வந்த புதிது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் மேசைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லோருமே மலிவாகக் கிடைத்த ஒரே மாதிரி கறுப்புப் போன் வாங்கியிருந்தோம். எது யாருடையது என்று தெரியாமல் தினமும் சண்டை. அதனால் சைஸ் எழுதி ஒட்டும் வெள்ளை டேப்பைக் கிழித்து, பேரெழுதி போனின் முதுகில் ஒட்டினோம். பேருக்குக் கீழே அவரவர் நம்பரையும் எழுதினோம். சொந்த நம்பர் யாருக்கும் மனப்பாடமில்லை. ரீசார்ஜ் கடையில் போனைத் திருப்பிக் காட்டினால் கடைக்காரரே பார்த்துப் போட்டுவிடுவார். வசதிதான். அந்த மேசைக்குப் பக்கத்து பெஞ்சில்தான் சோல் கொண்டுவரும் டெம்போக்காரர்கள், பசை டின் இறக்குபவர்கள் எல்லோரும் கேட் பாஸுக்காக உட்கார்ந்திருப்பார்கள். பொழுது போக வேண்டாமா அவர்களுக்கு?

மறுநாள், ஆள் சேர்ப்பது, லீவு கொடுப்பது எல்லாம் பார்க்கும் பர்சனல் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன்.

"ஆயா, இந்தக் கம்பெனி ஷூ தைக்கறதுக்கு இருக்குது. போன் மேட்டர் எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. சிம்மை மாத்திக்கச் சொல்லு."

"உங்க வீட்டு முன்னாடி ஒருத்தன் நின்னு கத்துனா, நீங்க வீட்டை மாத்திடுவீங்களா சார்?"

"உனக்கு வாய் ஜாஸ்தி. போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் நாளெல்லாம் முப்பத்தாறு, முப்பத்தேழு என்று சைஸ் எழுதிய கை, நம்பர் மட்டும் அச்சுப் போல வரும். லீவு சொல்ல ஆபீசர் தன் நம்பரை எல்லோருக்கும் கொடுத்திருந்தார். என் போனில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினேன். பேரை மட்டும் 'கட்டிங் ஷீலா' என்று பக்கத்து மேசைப் பெண் எழுதிக் கொடுத்தாள். கீழே ஆபீசர் நம்பரை நானே எழுதி, போனை வழக்கம்போலக் கேட் மேசைமேல் வைத்தேன்.

ரொம்ப நாள் காத்திருக்க வைக்கவில்லை, மேரிக்குப் போன் பண்ணிய அந்த மகராசன். ஒரு காலை ஆபீசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண் சிவந்திருந்தது.

"ஆயா, நேத்து எவனோ எனக்குப் போன் பண்ணி 'கட்டிங் ஷீலாவா'ன்னு கேக்கறான்."

"நீங்க பர்சனலாச்சே சார்."

"போனை எடுத்தது என் வீட்டுக்காரி. எவ அந்த ஷீலான்னு சோறு போடாமக் கேக்கறா. நம்ம ஆளுங்க லிஸ்ட்ல அப்படி ஒரு பேரே இல்ல."

"கேட் மேசையில இருக்கா சார். வேணும்னா சிம்மை மாத்திடலாமே."

அவர் தன் போனை எடுத்து, வந்த நம்பரைப் பார்த்தார். பிறகு மேரிக்கு வந்த நம்பரைக் கேட்டார். மேரியிடம் கேட்டு எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதான். டெம்போக்கள் வரும் நேரத்துக்குக் கேட்டில் போய் நின்று அந்த நம்பரை அழுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோல் டெம்போ டிரைவரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"சும்மா டைம்பாஸுக்கு சார்" என்றான்.

அவன் முதலாளிக்குச் சொல்லி வேறு டிரைவரை வரவழைத்தார்கள். போலீஸ், கேஸ் என்று நான் ஆரம்பித்ததும், "கம்பெனி பேரு கெட்டுடும் ஆயா, விடு" என்றார் ஆபீசர். கேட்டில் போன் வைக்க, பூட்டுப் போட்ட சின்னச் சின்ன அறைகள் கொண்ட ஓர் இரும்பு பீரோ வந்தது. டேப் ஒட்டக் கூடாது என்று நோட்டீசும் போட்டார்கள். அதையும் அதே டேப்பால்தான் ஒட்டியிருந்தார்கள்.

நான் மறுபடி மேரி வீட்டுக்கு நடந்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். மகளைச் சந்தேகப்பட்டதையே மறந்துவிட்டவர் போல, "சரி, வரட்டும்" என்றார்.

மேரி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். லைன் ஓடியது. சாயங்காலம் எல்லோரும் பீரோவைத் திறக்க வரிசையில் நின்றபோது அவள் மட்டும் நேராக வெளியே நடந்தாள்.

"போன் எங்கடி?"

"அப்பா வச்சிக்கினாரு ஆயா. இனிமே அவர்கிட்டதான் இருக்குமாம்."

"டெம்போக்காரன் போனு?"

"அவன்கிட்டதான் இருக்கும்" என்றாள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உங்கள் நம்பரை எவர் பார்வையிலும் கிடக்க விடாதீர்கள். அப்படியும் எவனாவது எடுத்துக் கூப்பிட்டால், அவன் நம்பரை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் சொல்லுங்கள். முதலில் உங்களைத்தான் சிம்மை மாற்றச் சொல்வார்கள். மாற்ற வேண்டியவர் நீங்களில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.